தூர்ந்த ஏரி வாய்க்காலா, அணைக் கால்வாயா, பழைய ரயில் தடமா?

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் தண்ணீர் நின்றுபோன ஒரு வழியைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க நடந்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, எதைப் பிடித்துக்கொண்டு நடப்பது என்றுதான். பக்கிங்காம் கால்வாய் போலப் படகு ஓடிய கால்வாய் இந்த மேட்டுப் பூமியில் இல்லை. இங்கே இருப்பவை பாசன வாய்க்கால்கள். அவற்றில் நடைக்குத் தோதானவை இரண்டு வகை. ஏரிக்கு ஏரி தண்ணீர் கொண்டுபோய்ப் பிறகு தூர்ந்துபோன பழைய வாய்க்கால்கள் ஒன்று. கிருஷ்ணகிரி அணையிலிருந்து கிளம்பும் கால்வாயின் கடைமடைப் பகுதி இன்னொன்று. மூன்றாவதாக நான் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன்: 1941-ல் மூடப்பட்ட மொரப்பூர்–தருமபுரி–ஓசூர் சிறிய ரயில் பாதையின் தடம். அது கால்வாய் இல்லைதான். ஆனால் கைவிடப்பட்ட ஒரு தடத்தை நிலத்தில் தேடிப் படிக்கிற வேலை மூன்றிலும் ஒன்றே. மூன்றும் ஒன்றுக்கொன்று ஒரு விதத்தில் உறவுக்காரர்களும்கூட. அதைப் பின்னால் சொல்கிறேன்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேடுவதில் ருசி உள்ளவர் என்றால் ஏரி வாய்க்கால், சந்தேகமே இல்லை. பிள்ளைகளோடு அல்லது வயதானவர்களோடு போகிறவர் என்றால் அணைக் கால்வாய். ரயில் தடத்தில் கதை அதிகம், கண்ணுக்குக் கிடைப்பது குறைவு. அதனால் ஏற்கெனவே இந்த மாதிரி நடந்து பழகியவர்கள் மட்டும் அதைத் தொடலாம் என்பது என் கருத்து. இதற்கு மாறாக நினைக்கிறவர்கள் உண்டு. ரயில் என்றாலே கண் விரிகிற கூட்டத்தோடு வாதாடிப் பயனில்லை.

பஞ்சம் போட்ட கோடுகள்

அந்த உறவுமுறை இதுதான். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் புரட்டிப்போட்ட பஞ்சத்தில் அன்றைய சேலம் மாவட்டமும் சிக்கியது. தருமபுரி அப்போது சேலத்தின் பகுதி. 1965-ல்தான் அது தனி மாவட்டமானது. அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004-ல். பஞ்சத்துக்குப் பின் அமைத்த ஆணையம் 1880-ல் தந்த அறிக்கையில் இரண்டு மருந்து சொன்னது: தானியத்தை ஏற்றிக்கொண்டு வர ரயில், தானியம் விளையவைக்கப் பாசனம். எது முதலில் என்பதில் அந்தக் காலத்திலேயே பெரிய சண்டை. காவிரியிலும் கோதாவரியிலும் அணை கட்டிப் பெயர் வாங்கிய ஆர்தர் காட்டன், ரயிலுக்குக் கொட்டுகிற பணத்தைக் கால்வாய்க்குக் கொடுங்கள் என்று லண்டன் வரை போய் வாதாடினார்.

நம் பக்கத்தில் ரயில் முந்திக்கொண்டது. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905-ல், மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-ல், அங்கிருந்து நீட்டி ஓசூருக்கு 1913-ல். எல்லாம் இரண்டரை அடி அகலத் தண்டவாளம். தென்பெண்ணையில் கிருஷ்ணகிரி அணை எழுந்து கால்வாயில் தண்ணீர் ஓட 1958 ஆகிவிட்டது. அதற்குள் அந்த இரண்டு ரயில் பாதைகளும் மறைந்துவிட்டிருந்தன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இரும்புக்கு வந்த தேவையில் 1941-ல் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். இவை இரண்டுக்கும் மூத்தது ஏரி வாய்க்கால். அதைக் கட்ட எந்த ஆணையமும் தேவைப்படவில்லை.

ஏரி வாய்க்கால்: தேடத் தெரிந்தவருக்குத் தீனி

இந்த வட்டாரத்து ஏரிகள் தனித்தனியாக இருப்பவை அல்ல. ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகத் தொடர்ச்சியாக இருப்பவை. மேல் ஏரி நிரம்பிக் கோடி போனால், அதாவது உபரிநீருக்கென்று கரையில் விட்ட கற்கட்டு வழியாக வழிந்தால், அந்தத் தண்ணீர் ஒரு வாய்க்காலில் இறங்கி அடுத்த ஏரிக்கு வரத்தாகப் போகும். நடைக்கு நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியது இந்தக் கோடி வாய்க்காலைத்தான். மதகிலிருந்து வயலுக்குப் பிரியும் பாசன வாய்க்காலைப் பிடித்தீர்கள் என்றால் சிறிது தூரத்திலேயே கிளை கிளையாக உடைந்து ஏதோ ஒரு தக்காளித் தோட்டத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். கோடி வாய்க்காலுக்குத் தலையும் உண்டு, வாலும் உண்டு. இடையில் எங்கே தொலைந்தாலும் அது போய்ச் சேர வேண்டிய இடம் உங்களுக்குத் தெரியும். தேடலுக்கு இதைவிட நல்ல அமைப்பு கிடையாது.

ஏன் தூர்ந்தன? நேரடிக் காரணம் பராமரிப்பு நின்றது. ஊர்க்காரர்கள் கூடி வாய்க்கால் வெட்டுகிற குடிமராமத்து வழக்கம் தளர்ந்ததால் 1858-லேயே அதைக் கட்டாயமாக்கிச் சட்டம் போட வேண்டியிருந்தது. அதற்கு நூறு வருடம் கழித்து மின்மோட்டார் வந்தது, அப்புறம் ஆழ்துளைக் கிணறு. 1990-ல் விவசாயத்துக்கு மின்சாரம் முழுக்க இலவசமான பிறகு, தண்ணீருக்காக மேல் ஏரியைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டிய அவசியம் கிணறு உள்ளவருக்கு இல்லாமல் போனது. தனக்குத் தேவைப்படாத வாய்க்காலுக்கு யார் மண்வெட்டி தூக்குவார்? சீமைக்கருவேலம் மிச்ச வேலையை முடித்துவிட்டது.

அந்தத் தடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதில்தான் இந்த நடையின் சுவாரசியம் முழுக்க இருக்கிறது. நான் முதலில் தேடுவது தண்ணீர் வராத சிறுபாலம். தார்ச்சாலை போகிறது, அடியில் ஒரு குழாயோ கற்பாலமோ இருக்கிறது, இரண்டு பக்கமும் பள்ளமே இல்லாமல் சோளக்காடு. சாலை போட்ட காலத்தில் அங்கே வாய்க்கால் ஓடியது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். பாலத்தின் வாய் எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசையில் நில்லுங்கள். அடுத்து வரப்புகளைப் பாருங்கள். வயல் வரப்பு பெரும்பாலும் நேராக இருக்கும். இரண்டு வரப்பு பக்கத்துப் பக்கத்தில், ஒரே இடைவெளியில், வளைந்து வளைந்து போனால் அது வரப்பு இல்லை, வாய்க்கால் கரை. கரையில் வரிசையாக நிற்கிற பனையும் புங்கனும் இன்னொரு அடையாளம். சுற்றிலும் செம்மண்ணாக இருந்து ஒரு பட்டை மட்டும் சாம்பல் நிற வண்டலாக இருந்தால் அதுவும். கிணறுகள் ஒரே வரிசையில் இருக்கிறதா பாருங்கள். வாய்க்கால் ஓரத்தில் ஊற்று நன்றாக இருக்கும் என்று தெரிந்து தோண்டியவர்கள் நம் முன்னோர்கள்.

வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலையும் உண்டு, இது ஏரி வாய்க்காலுக்கு மட்டும் கிடைக்கிற பெரிய சாதகம். தமிழ்நாடு அரசின் நிலப் பதிவேட்டு இணையச் சேவையில் புல எண் கொடுத்தால் புலப்படம் கிடைக்கும். அ-பதிவேட்டில் அந்த எண் பட்டா நிலமா, வாய்க்கால் புறம்போக்கா என்று இருக்கும். நிலத்தில் அடையாளமே இல்லாமல் உழுதுவிட்ட வாய்க்கால்கூடக் காகிதத்தில் ஒரு நீளமான, ஒல்லியான புல எண்ணாக உயிரோடு இருக்கும். மேல் ஏரிக்கும் கீழ் ஏரிக்கும் நடுவில் இந்த ஒல்லி எண்களைக் கோத்துப் பார்த்தால் பாதி நடை அங்கேயே முடிந்துவிடும். ஆனால் ஒன்று: புறம்போக்கு என்று காகிதம் சொல்வதைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் பயிர் வைத்திருப்பவரிடம் போய் ஆக்கிரமிப்பு பற்றிப் பேச்சைத் தொடங்காதீர்கள். நீங்கள் வந்தது நடக்க.

வழியில் என்ன கிடைக்கும்? அதிர்ஷ்டம் இருந்தால் பழைய மதகு. இரண்டு கல்தூண், குறுக்கே துளையிட்ட கற்சட்டம், அந்தத் துளை வழியாக ஏற்றி இறக்கும் கழி என்று இருந்தால் அது பழைய பாணி. திருகு வைத்த இரும்புக் கதவு என்றால் பின்னால் வந்த பொதுப்பணித் துறை வேலை. கட்டுமானத்தில் சுண்ணாம்புக் காரையா சிமென்டா என்று நகத்தால் சுரண்டாமலே தெரியும். காரையில் மணலோடு சுண்ணாம்புக் கட்டிகள் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். ஏரிக்கரையில் வேடியப்பன் கோயில் இருந்தால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். இந்தப் பக்கத்து வேடியப்பன் பல இடங்களில் நடுகல்தான்: வில்லோ வாளோ ஏந்திய வீரன், சில கற்களில் எழுத்தும் இருக்கும். அது வழிபாட்டில் இருக்கிற கல். செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்க்கலாம். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சாக்பீஸ் தடவுவது, தண்ணீர் ஊற்றித் தேய்ப்பது எல்லாம் வேண்டாம். எழுத்துள்ள நடுகற்களை நிதானமாகப் பார்க்க ஆசை என்றால் தருமபுரி அருங்காட்சியகத்தில் நல்ல தொகுப்பு இருக்கிறது, அதை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

குறைகளும் உண்டு. ஊருக்கு ஊர் நிலைமை வேறு. போன வருடம் புதராகக் கிடந்தது இந்த வருடம் பொக்லைன் வைத்து வாரிச் சுத்தமான சாக்கடைப் பள்ளமாக மாறியிருக்கும். 2017-ல் குடிமராமத்துத் திட்டத்தை அரசு மறுபடி தொடங்கிய பிறகு பல வரத்து வாய்க்கால்கள் இப்படித் தூர்வாரப்பட்டிருக்கின்றன. விவசாயிக்கு நல்லது, பழைய தடம் தேடுகிறவருக்கு ஏமாற்றம். இதில் விவசாயி பக்கம் நிற்பதுதான் நியாயம்.

அணைக் கால்வாய்: நடக்கச் சுலபம், தேட ஒன்றுமில்லை

கிருஷ்ணகிரி அணையின் இடதுபுற, வலதுபுறக் கால்வாய்கள் சுமார் 9,000 ஏக்கருக்குத் தண்ணீர் தருகின்றன. இவை கைவிடப்பட்டவை இல்லை, நன்றாக ஓடிக்கொண்டிருப்பவை. பிறகு ஏன் இந்தப் பட்டியலில்? காரணம் இடதுபுறக் கால்வாயின் நீட்டிப்பு. பாளேகுளி ஏரியில் தொடங்கிச் சந்தூர் வரை 28 ஏரிகளை நிரப்ப வெட்டிய கால்வாய் அது. அணையில் தண்ணீர் மிஞ்சினால்தான் இதற்கு வரும். மிஞ்சாத வருடங்களில் காய்ந்து கிடக்கும். ஆகவே கைவிட்டதற்கும் கைவிடாததற்கும் நடுவில் நிற்கிற ஒன்று, இந்த மூன்றில் எனக்குக் கொஞ்சம் பாவமாகத் தோன்றுவதும் இதுதான்.

நடைக்கு இதன் பலம், கரை. பெரிய கால்வாய் என்றால் கரைமேல் ஆட்கள் போய்ப் பார்வையிடப் பாதை விட்டிருப்பார்கள். மேடு பள்ளம் கிடையாது. அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது: இப்படிப்பட்ட கால்வாய்கள் கிலோமீட்டருக்கு 20 முதல் 50 சென்டிமீட்டர் அளவில்தான் இறங்கும். மூன்று கிலோமீட்டர் நடந்தாலும் ஓர் ஆள் உயரத்துக்குமேல் இறங்கியிருக்க மாட்டீர்கள். அதனால்தான் கால்வாய் குன்றைக் கண்டால் ஏறாமல் அதன் இடுப்பைச் சுற்றிக்கொண்டு போகிறது, ஓடை குறுக்கே வந்தால் அதன்மேல் தொட்டிப்பாலம் போட்டுத் தாண்டுகிறது, அல்லது ஓடையைத் தன் தலைக்குமேல் விட்டுவிடுகிறது. இந்தக் குறுக்கீடுகளைப் பார்ப்பதுதான் அணைக் கால்வாய் நடையின் லாபம். மேலே வாய்க்கால், கீழே ஓடை என்று இரண்டு நீர்வழிகள் ஒன்றையொன்று தொடாமல் கடக்கிற இடத்தில் பத்து வயதுப் பையனுக்குக்கூடப் பொறியியல் புரிந்துவிடும்.

பலவீனம், இங்கே கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. கோடு தெளிவாக இருக்கிறது, நீங்கள் அதன்மேல் நடக்கிறீர்கள், அவ்வளவுதான். மாந்தோப்புகளின் நிழல் இருக்கும். சந்தூர்ப் பக்கம் மாங்கன்று வளர்க்கும் பண்ணைகள் இருக்கும். பேசிக்கொண்டே போகலாம். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அதுவே போதும்.

தேர்ந்தெடுக்கும்போது பலரும் யோசிக்காத விஷயம் காலம். அணையில் வழக்கமாக ஜூலை வாக்கில் முதல் போகத்துக்குத் திறப்பார்கள், மறுபடி இரண்டாம் போகத்துக்கு டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ. அணைக்கு அருகிலுள்ள பகுதி முழுக்க உலர்ந்திருப்பது கோடை உச்சத்தில்தான், அப்போது இந்த வெயிலில் கரைமேல் நடப்பது தண்டனை. நீட்டிப்புக் கால்வாய் அதற்கு விதிவிலக்கு. தண்ணீர் விடாத வருடத்தில் ஜனவரி, பிப்ரவரியிலேயே போகலாம். போகும் வாரம் திறந்திருக்கிறதா என்று உள்ளூரில் ஒரு டீக்கடையில் கேட்டுக்கொள்வது நல்லது. தண்ணீர் ஓடும் சிமென்ட் கால்வாயில் இறங்கிக் கால் நனைக்கிற வேலை மட்டும் வேண்டாம். சரிவில் பாசி இருக்கும், பிடிக்க ஒன்றும் இருக்காது.

இன்னொன்று. எண்ணேகொள்புதூரிலிருந்து தருமபுரிப் பக்கம் தென்பெண்ணை உபரிநீரைக் கொண்டுபோகத் திட்டமிட்ட கால்வாய் போலப் புதிய வேலைகளும் இந்த மாவட்டங்களில் உண்டு. பாதி வெட்டிய பள்ளத்தைப் பார்த்துவிட்டுப் பழைய கால்வாயின் எச்சம் என்று படம் எடுத்துப் போட்டு ஆராய்ச்சி செய்கிறவர்களும் உண்டு. கரை மண் புதிதாக வெட்டிப் போட்டதாக இருக்கிறதா, மேலே மரம் வளர்ந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

ரயில் தடம்: கதை பெரிது, மிச்சம் சிறிது

மொரப்பூர் இன்றும் சென்னை–சேலம் முதன்மைப் பாதையில் உள்ள ஸ்டேஷன். அங்கே ரயிலில் இறங்கி, 1906-ல் வேறொரு சின்ன ரயில் எந்தப் பக்கம் திரும்பிப் போயிருக்கும் என்று யோசித்துக்கொண்டு நடக்கத் தொடங்குவதில் ஒரு தனிச் சுகம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். முழுப் பாதையும் ஓசூர் வரை நூறு கிலோமீட்டருக்குமேல். ஒரு நாள் நடைக்கு எடுத்துக்கொள்ள முடிவது அதில் ஒரு துண்டுதான்.

ஆனால் ரயில் தடம் ஏன் கால்வாயைவிடச் சீக்கிரம் மறைகிறது என்று யோசித்துப் பாருங்கள். கால்வாய் பள்ளம், மூடினாலும் மழைத் தண்ணீர் மறுபடி அதைத் தேடி வந்து நிற்கும். ரயில் தடமோ சமமான, இறுகிய மேடு. வண்டி ஓட்ட அதைவிடத் தோதான இடம் வேறில்லை. மாட்டு வண்டிப் பாதையாகி, மண் சாலையாகி, தார் போட்டுவிட்டால் அதன்மேல் பஸ்ஸில் போகிறவருக்குக்கூடத் தான் எதன்மேல் போகிறோம் என்று தெரியாது. பாதி இடத்தில் உழுது வயலோடு சேர்த்திருப்பார்கள். சல்லியையும் கல்லையும் வீடு கட்ட எடுத்துப் போயிருப்பார்கள்.

ஆகவே இங்கே தேட வேண்டியவை வேறு. சாலை காரணமில்லாமல் மெதுவாக, நீளமாக வளைகிற இடம். கூர்மையான திருப்பம் ரயிலுக்கு ஆகாது என்பதால் அந்த வளைவு தனியாகத் தெரியும். ஓடைக்கு இரண்டு பக்கமும் நிற்கும் செதுக்கிய கல் தாங்குசுவர், நடுவில் பாலம் இல்லாமல். அகலம் குறைந்த வெட்டுப் பள்ளம். இரண்டரை அடிப் பாதைக்கு அதிக இடம் வேண்டியதில்லை. சரிவும் உதவும்: ரயில் கிலோமீட்டருக்குப் பத்து மீட்டர்கூட ஏறும், கால்வாய் அரை மீட்டர்தான். நீங்கள் பிடித்த கோடு லேசாக மூச்சு வாங்க வைத்தால் அது வாய்க்கால் இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது, தருமபுரி, பாலக்கோடு, ஓசூர் வழியாகச் சேலத்திலிருந்து பெங்களூரு போகும் இன்றைய பாதை பின்னால் போட்டது. பழைய தடத்தைத் தேடும் ஆர்வத்தில் அதன்மேல் நடந்துவிடாதீர்கள். ஓடும் பாதையில் நடப்பது ரயில்வே சட்டம் 147-ஆவது பிரிவின்படி குற்றம், ஆபத்தும்கூட. மொரப்பூர்–தருமபுரிக்கு அகலப் பாதையாகப் புதிய இணைப்புக்கு 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள். நில அளவைக் கல்லைப் பார்த்துவிட்டுப் பழசு என்று ஏமாற இங்கேயும் இடமுண்டு. வேலை நடக்க நடக்கப் பழைய மிச்சங்கள் குறையத்தான் செய்யும் என்பதால், ரயில் தடத்தைத் தள்ளிப்போட வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. என் தீர்ப்புக்கு எதிராக நானே சொல்லக்கூடிய ஒரே வாதம் அது.

மேலிருந்து கீழா, கீழிருந்து மேலா

ஏரி வாய்க்காலைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த முடிவு திசை. பலர் தண்ணீர் போகிற திசையிலேயே, மேல் ஏரிக் கோடியிலிருந்து கிளம்புவார்கள். தொடக்கம் உறுதியாகத் தெரியும், இறக்கம், சுலபம். எனக்குக் கீழிருந்து மேலே போவதுதான் பிடிக்கும். கீழ் ஏரிக்குள் வரத்து நுழைகிற இடம் வண்டல் விசிறியாகப் பரந்து குழப்பமாக இருக்கும். அந்தக் குழப்பத்தைக் காலையில் உடம்பு புத்துணர்வாக இருக்கும்போது தீர்த்துவிடலாம். மேலே போகப் போகப் பள்ளம் ஆழமாகி, கரை உயர்ந்து, கோடியில் கற்கட்டில் போய் முட்டும். மேலிருந்து வந்தால் இதற்கு நேர்மாறு: நல்லதெல்லாம் முதல் ஒரு மணி நேரத்தில் முடிந்து, களைத்த நேரத்தில் கருவேலங்காட்டில் தடத்தைத் தொலைத்துவிட்டு நிற்பீர்கள். அணைக் கால்வாயில் திசை ஒரு பொருட்டே இல்லை. வெயிலை முதுகுக்கு வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

வரைபடத்துக்கு இந்திய நில அளவைத் துறை தன் இணையதளத்தில் இலவசமாகத் தரும் ஐம்பதாயிரத்துக்கு ஒன்று அளவு வரைபடம் நல்லது. ஏரிகளின் பெயர், பழைய வாய்க்கால் கோடுகள் அதில் ஓரளவு இருக்கும். ஆனால் அதன் சம உயரக் கோடுகள் 20 மீட்டர் இடைவெளியில் போட்டவை. கிலோமீட்டருக்கு அரை மீட்டர் இறங்கும் வாய்க்காலுக்கு அது எந்த உதவியும் செய்யாது. போனில் காட்டும் உயரமும் பல மீட்டர் முன்பின் ஆடும். மட்டம் பார்க்கக் கண்ணைத்தான் நம்ப வேண்டும். கணினியில் கூகுள் எர்த்தில் பழைய வருடப் படங்களைத் திருப்பிப் பார்க்கும் வசதி உண்டு. மழைக்காலத்துப் படத்தில் தெரியாத கோடு கோடைப் படத்தில் பளிச்சென்று தெரியும்.

எல்லா வரைபடத்தையும்விடப் பயனுள்ளது ஏரிக்கரையில் மாடு மேய்க்கிற பெரியவர். கேட்கும் விதத்தில் இருக்கிறது. பழைய கால்வாய் எங்கே என்று கேட்டால் நீங்கள் சர்வேக்காரர் என்று நினைத்து ஒதுங்கிவிடுவார். "ஏங்கண்ணா, முன்னாடி இந்த ஏரிக்கு எந்தப் பக்கமா தண்ணி வரும்?" என்று கேளுங்கள். கையை நீட்டுவார், பிறகு கடைசியாக ஏரி எப்போது கோடி போனது என்பதில் தொடங்கி அரை மணி நேரம் பேசுவார். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் என்றால் பதில் தெலுங்கிலோ கன்னடத்திலோ வரும். கை காட்டுவது எல்லா மொழியிலும் ஒன்றுதான்.

போகக்கூடாத இடங்கள்

ஓசூர் நகரத்துக்குள் ஏரி இணைப்பு வாய்க்கால்களைத் தேடலாமே என்று கேட்கிறார்கள். கழிவுநீரும் மதில் சுவர்களும்தான் மிச்சம், நான் பரிந்துரைக்க மாட்டேன். பஞ்சப்பள்ளி, மாரண்டஹள்ளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் காட்டை ஒட்டிய வாய்க்கால்கள் பார்க்க அழகு, ஆனால் அங்கே யானை நடமாட்டம் உண்டு. காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 2014-ல் அறிவிக்கப்பட்ட பகுதி அது. காட்டு எல்லைக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகவே கூடாது, வெளியேயும் விடிகாலையிலும் சாயங்காலத்திலும் வேண்டாம். வாய்க்கால் பள்ளம் யானைக்கும் சுலபமான வழிதான்.

மூன்று வழியிலும் பொதுவான ஆபத்து பாம்பும் கிணறும். கண்ணாடி விரியன் காய்ந்த இலைக்குள் அசையாமல் கிடக்கும், கால் வைக்கிற வரை தெரியாது. கணுக்காலை மூடும் ஷூ, முன்னால் தட்டிக்கொண்டே போக ஒரு கழி, இதில் சமரசம் வேண்டாம். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறி விடுவது எதுவும் செய்யாமல் 108-க்கு அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாய்க்கால் ஓரத்துப் பழைய கிணறுகளுக்குக் கைப்பிடிச் சுவர் இருக்காது, புல் மூடியிருக்கும். தனியாகப் போவதா, ஆள் சேர்த்துப் போவதா என்ற கேள்விக்கு இந்தக் கிணறுகளே பதில் சொல்லிவிடுகின்றன. பழைய சிறுபாலத்துக்குள் குனிந்து நுழையும் முன் தேன்கூடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மழை நாளில் எந்த வாய்க்காலும் வேண்டாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. ஏரி நிரம்பி வழிந்து வந்த வெள்ளத்தில் நிறுத்தியிருந்த வண்டிகள் அடித்துக்கொண்டு போனதைப் பார்த்திருப்பீர்கள். தூர்ந்துபோனதாக நாம் எழுதிவிட்ட வாய்க்கால்கள் பலவற்றில் அன்றைக்குத் தண்ணீர் தன் பழைய வழியிலேயே வந்தது.

காலத்தைப் பொறுத்தவரை ஏரி வாய்க்காலுக்கும் ரயில் தடத்துக்கும் பொங்கல் முடிந்து மாசி வரை சரியான நேரம். ராகி அறுவடை முடிந்திருக்கும், புல் காய்ந்து கரை வெளியே தெரியும், மாமரம் பூத்திருக்கும். அந்த மாதங்களில் தோப்பில் மருந்து அடிப்பார்கள். வாசனை வந்தால் சுற்றிக்கொண்டு போய்விடுங்கள்.

முதல் தடவைக்கு எந்த வட்டாரம் என்று கேட்டால் பாரூரைச் சொல்வேன். நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து தென்பெண்ணைத் தண்ணீர் வாங்கும் பாரூர் பெரிய ஏரி உயிரோடு இருக்கிறது. ஓடும் வாய்க்கால் எப்படி இருக்கும் என்று அங்கே பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொண்டு, சுற்றியுள்ள சின்ன ஏரிகளில் தூர்ந்ததைத் தேடலாம். காவேரிப்பட்டணத்திலிருந்தும் போச்சம்பள்ளியிலிருந்தும் பஸ் உண்டு. ஞாயிற்றுக்கிழமை என்றால் காவேரிப்பட்டணம் வழியாகவே போங்கள். அன்று போச்சம்பள்ளியில் வாரச்சந்தை, ஆடும் கோழியும் மூட்டையுமாகப் பஸ்ஸில் நிற்க இடம் கிடைக்காது.